முதல் ராத்திரி கொப்பளித்த உப்புத் தண்ணீர்: ஒரு ஞானப்பல் அறுவையும் வீட்டில் கழிந்த மூன்று வாரமும்

அவருக்கு 46 வயது. சென்னை காசிமேடு துறைமுகத்தில் விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையில் சுமந்து ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்கும் மீன்காரி. எங்கள் கிளினிக் இருக்கும் தெருவுக்குக் காலை எட்டரைக்கு வருவார். அவர் குரல் கேட்டுத்தான் பல வீடுகளில் அன்றைக்குக் குழம்பு என்ன என்று முடிவாகும். அந்தக் குரல் சென்ற ஆண்டு ஏப்ரல் கடைசியில் மூன்று வாரம் தெருவில் கேட்கவில்லை. அந்த மூன்று வாரத்தில் அவருடைய வீட்டுக்குள் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவரும் அவர் வீட்டாரும் சம்மதம் தந்திருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்றார்கள், எழுதவில்லை.

நான் இந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்து, இங்கேயே பல் மருத்துவம் பார்ப்பவள். கடைவாய்ப் பல் அறுவை எனக்கு வாரத்தில் இரண்டு மூன்று உண்டு. இதை எழுதுவது அறுவையைச் சொல்ல அல்ல. அது ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்சம் எல்லாம் நடந்தது பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றில், நான் இல்லாத இடத்தில்.

வந்த விதம்

இடது கீழ்க் கடைவாயில் வலி. ஒரு வருடத்தில் மூன்று முறை ஈறு வீங்கி, வாய் திறக்க முடியாமல், மாத்திரை போட்டு அடங்கி, மறுபடி வந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் ஞானப்பல் நேராக முளைக்காமல் தனக்கு முன்னால் இருந்த கடைவாய்ப் பல்லின் மீது சாய்ந்து, பாதி எலும்புக்குள் புதைந்து கிடந்தது. சாய்ந்த இடத்தில் உணவு தங்கித் தங்கி, முன்னால் இருந்த நல்ல பல்லின் பின்பக்கமும் சொத்தையாகத் தொடங்கியிருந்தது. எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சர்க்கரை ஆறு வருடமாக. காலையில் மெட்ஃபார்மின் 500, கிளிமிப்பிரைடு 1 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரை. மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.4. ரத்த அழுத்தம் 138/86. சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்தது. வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் பழக்கம் இருபது வருடத்துக்கு மேல். இடுப்பில் செருகிய சுருக்குப் பையில்தான் சில்லறையும் புகையிலையும்.

நாளைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது. ஃபைபர் படகு கொண்டுவரும் மீன் மட்டும்தான். "தடைக்காலத்துல சரக்கு கம்மி டாக்டரம்மா. இப்பவே புடுங்கிடுங்க. அப்புறம் எனுக்கு நேரமே கெடைக்காது" என்றார். அதைவிட நல்ல காரணம் எனக்கும் தோன்றவில்லை.

அறுவை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. அட்ரினலின் கலந்த லிக்னோகைன் ஊசியால் மரத்துப் போகச் செய்து, ஈறை விலக்கி, பல்லைச் சுற்றி எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லை இரண்டாக வெட்டி எடுத்தேன். நாற்பதைத் தாண்டினால் தாடை எலும்பு இறுகிவிடும். இருபது வயதுப் பிள்ளைக்கு ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஆனது. கறுப்புப் பட்டு நூலில் மூன்று தையல். பஞ்சுத் துணியை முக்கால் மணி நேரம் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். ரத்தம் நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

வலிக்குப் பாராசிட்டமால் 650, இபுப்ரோஃபென் 400, ஐந்து நாளைக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக், வயிற்றுக்கு ஒரு மாத்திரை. கூடவே எங்கள் கிளினிக்கின் அச்சடித்த தாள். அதில் பதினொரு வரி. பதினொன்றும் "கூடாது" என்று முடிபவை. 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது, சூடாகச் சாப்பிடக் கூடாது, புகை, புகையிலை கூடாது, குனிந்து கனம் தூக்கக் கூடாது.

இதை நான் வாயாலும் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்பதுதான் கேள்வி. பாதி முகம் மரத்து, வாயில் பஞ்சோடு, பயம் இன்னும் தெளியாத ஒருவரிடம் சொன்னேன். வெளியே உட்கார்ந்திருந்த கணவர் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கல்லூரியில் படிக்கும் மகளுக்கு அன்று தேர்வு. வீட்டில் கஞ்சி காய்ச்சப் போவது, தண்ணீர் சுட வைக்கப் போவது, "இதைச் செய், இதைச் செய்யாதே" என்று சொல்லப் போவது எல்லாம் எழுபதைத் தாண்டிய மாமியார். அவரிடம் ஒரு வார்த்தை போகவில்லை.

முதல் ராத்திரி

இதை மகளும் மாமியாரும் பின்னால் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு மரப்பு விட்டது. நாலு மணிக்கு வலி. மாமியார், அந்த வீட்டு ஆயா, சும்மா இருப்பாரா? கடலில் மீன் முள் குத்திய கை, வலைக்கயிறு அறுத்த விரல் என்று அறுபது வருடமாகப் புண்களைப் பார்த்துக்கொண்டவர். கல்லுப்பு ஒரு கைப்பிடி, மஞ்சள் கொஞ்சம், ஒரு லோட்டா தண்ணீர், கை பொறுக்காத சூடு. "புண்ணுன்னா உப்புத்தண்ணி தான். நல்லா கொப்புளிச்சித் துப்புடி, கெட்ட ரத்தமெல்லாம் போயிடும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து நாலு முறை கொப்பளிக்க வைத்தார். அன்பாகத்தான் செய்தார். நடுவில் தண்ணீர் லாரி வந்து, மகள் இன்னும் வராததால், இவரே எழுந்து போய் இரண்டு குடம் தூக்கி வந்திருக்கிறார்.

ஆறரைக்கு ரத்தம் கசியத் தொடங்கியது. ரத்தத்தை விழுங்கக் கூடாது என்று ஒரு பிளாஸ்டிக் மக்கில் துப்பிக்கொண்டே இருந்தார். துப்பத் துப்ப ரத்தம் வந்தது. மகள் எட்டே முக்காலுக்கு என்னை அழைத்தபோது குரல் நடுங்கியது. "மேடம், அம்மாவுக்கு வாய்லருந்து ரத்தம் வந்துகினே இருக்கு. மக்கு பாதி ரொம்பிடுச்சு. ஆயா காப்பித்தூள் வச்சு அடைக்கணும்ங்குது."

காப்பித்தூளைத் தொடவேண்டாம் என்றேன். மக்கில் பாதிக்கு இருந்தது பெரும்பாலும் எச்சில். ஒரு ஸ்பூன் ரத்தம் ஒரு டம்ளர் எச்சிலை முழுச் சிவப்பாக்கிவிடும். இது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, பயந்துதான் போவார்கள். துவைத்த வெள்ளைப் பருத்தி வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, குடிதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கட்டை விரல் அளவுக்கு இறுக்கமாக மடித்து, குழியின் மேல் வைத்துப் பல்லால் அழுத்திக் கடிக்கச் சொன்னேன். படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்காரவேண்டும். அரை மணி நேரம் எடுத்துப் பார்க்கவே கூடாது, எச்சில் ஊறினால் விழுங்கவேண்டும். அது நிற்கவில்லை என்றால் உடனே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், நானும் வந்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். ஒன்பதே முக்காலுக்கு மகள் திரும்ப அழைத்தாள். நின்றிருந்தது.

போனை வைத்ததும் எனக்கு நிம்மதி. அந்த நிம்மதி தப்பு என்று ஐந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது. ரத்தம் நின்றது, சரி. ஆனால் காலையில் குழிக்குள் உறைந்து உட்கார்ந்திருந்த முதல் கட்டி போய்விட்டதா, புதிதாக வந்தது நன்றாக அமர்ந்ததா என்று நான் கேட்கவும் இல்லை, மறுநாள் கூப்பிட்டுப் பார்க்கவும் இல்லை.

மறுநாள் பதினொரு மணி

புதன் காலை வழக்கம்போல் சர்க்கரை மாத்திரை போட்டார். "எப்பவும் போடுற மாத்திரைய நிறுத்தாதீங்க" என்று சொன்னது நான். கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பத்தே முக்காலுக்கு வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டு. அறுவை செய்த பலவீனம் என்று எல்லோரும் நினைத்தார்கள். படுக்க வைத்து விசிறினார்கள். எதிர் வீட்டில் ஒருவருக்கும் சர்க்கரை. அவர் எட்டிப் பார்த்துவிட்டு தன் மீட்டரை எடுத்து வந்து விரலில் குத்தினார். 58.

70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இப்படி இறங்குவது அபூர்வம். கூட இருக்கும் கிளிமிப்பிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும். மகள் அரை டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துச் சொட்டுச் சொட்டாகக் குடிக்க வைத்தாள். மூன்று ஸ்பூன் என்றால் ஏறக்குறைய 15 கிராம். கால் மணி நேரம் கழித்து 84. பிறகு கேழ்வரகுக் கூழை மோரில் கரைத்து ஒரு பெரிய லோட்டா. அந்தப் பெண்ணுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். எதிர் வீட்டுக்காரர் சொன்னாராம்.

இந்தத் தவறு என்னுடையது. பல்லை எடுத்த பிறகு இரண்டு நாள் சாப்பாடு பாதியாகும் என்று எனக்குத் தெரியும். அந்த மாத்திரை என்ன செய்யும் என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியம் சொல்லவில்லை. அவருடைய சர்க்கரை மருத்துவரிடம் அறுவைக்கு முன்னால் நான் பேசியிருக்கவேண்டும். அன்று மதியம் பேசினேன். சாப்பாடு பழையபடி ஆகும்வரை கிளிமிப்பிரைடு இல்லாத மாத்திரைக்கு மாற்றினார்.

மீன் ஐஸ்

நல்லபடி நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். கன்னத்துக்கு ஐஸ் வையுங்கள் என்று நாங்கள் எல்லோரிடமும் சொல்கிறோம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஐஸ் ஏது என்று யோசிப்பதில்லை. இந்த வீட்டுக்கு அந்தக் கவலை இல்லை. ரத்தம் நின்ற அந்தச் செவ்வாய் ராத்திரியே கணவர் துறைமுகத்துக்கு நடந்து போய், மீன் பெட்டிக்குப் போட நொறுக்கிய ஐஸை ஒரு கவர் நிறைய வாங்கி வந்தார். மகள் அதை இன்னொரு கவரில் போட்டுக் கட்டி, துண்டில் சுற்றி, கன்னத்தின் வெளிப்பக்கம் கால் மணி நேரம் வைப்பது, கால் மணி நேரம் எடுப்பது என்று பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருக்கிறாள். மீனுக்குப் போடும் ஐஸ் வாயில் போடுகிற ஐஸ் அல்ல. அது வெளிக்கன்னத்தைத் தாண்டவில்லை. இரண்டு கவர் போட்டு முடிச்சுப் போட்டது அந்தப் பெண்ணின் சொந்த யோசனை.

வீக்கம் வியாழன், வெள்ளியில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு வடியும் என்று சொல்லியிருந்தேன். வியாழக்கிழமை கன்னம் ஓர் எலுமிச்சை அளவு உப்பியிருந்தது. ஆனால் வலி குறைந்திருந்தது. இரண்டு இட்லியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டார். புதன் மாலையில் இருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், இந்த முறை நான் சொன்ன அளவில், வாயில் வைத்துத் தலையைச் சாய்த்துத் தானாக வழியவிடும் முறையில். எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. எனக்கும்தான்.

வெள்ளி ராத்திரி முதல் ஞாயிறு மாலை வரை

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு வலி திரும்ப வந்தது. இது முதல் நாள் வலியைப்போல இல்லை என்றார். "ஈறு வலிக்கல டாக்டரம்மா. காதுக்குள்ள யாரோ கம்பி விட்டுக் கொடையற மாதிரி. அப்படியே பொட்டுக்கு ஏறி, தலை பாதி கழண்டு வந்துடும் போல." பாயில் படுக்க முடியவில்லை. மூன்று சேலையை மடித்துத் தலைக்கு உயரம் வைத்தும் முடியவில்லை. வாயில் ஒரு கெட்ட வாடை. ராத்திரி முழுக்க வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை எனக்குத் தகவல் வரவில்லை. ஏன் என்று பிற்பாடு கேட்டேன். "ஒரு தபா போன் பண்ணி உங்க ராத்திரிய கெடுத்தாச்சு. மறுக்கா மறுக்கா எப்படி?" இந்தப் பதில் என்னை உறுத்தியது. அவர் தெருமுனை மருந்துக் கடையில் "பல் வலிக்கு ஒரு செட்" கேட்டு வாங்கினார். தாளில் மடித்த நாலு மாத்திரை, அட்டை இல்லை, பெயர் இல்லை. ஒன்றை எங்கள் மருந்தாளுநர் பார்த்து டைக்ளோஃபெனாக் என்றார். நான் கொடுத்த இபுப்ரோஃபெனும் அதே இனம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும்தான் கெடுதல், சர்க்கரை உள்ளவருக்கு இன்னும் கூடுதல். ஞாயிறு காலை அவருக்கு நெஞ்செரிச்சலும் சேர்ந்துகொண்டது.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு மகள் வாட்ஸப்பில் படம் அனுப்பினாள். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் எடுத்த, பாதி மங்கலான படம். தையலுக்குப் பின்னால் கருஞ்சிவப்பாகத் தெரியவேண்டிய இடம் வெளிறிச் சாம்பலாக இருந்தது. ஆறு மணிக்கு கிளினிக்கைத் திறந்தேன்.

காய்ச்சல் இல்லை. சீழ் இல்லை. தாடைக்குக் கீழே நெறி கட்டவில்லை. வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்தது. குழிக்குள் ரத்தக்கட்டி இல்லை, அடியில் எலும்பு வெறுமையாகத் தெரிந்தது. ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை. கருவியின் முனை எலும்பில் லேசாகப் பட்டதும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். அந்தப் பிடியின் அழுத்தத்திலேயே தெரிந்துவிட்டது. டிரை சாக்கெட், தமிழில் சொன்னால் காய்ந்த குழி.

குழி ஏன் காய்ந்தது

பல்லை எடுத்த குழியில் ரத்தம் உறைந்து நிற்பது வெறும் அடைப்பு அல்ல. அதுதான் எலும்புக்கும் நரம்பு முனைகளுக்கும் போர்வை. புதிய தசையும் பிறகு எலும்பும் வளர்வதற்கான விதைப்பாத்தியும் அதுதான். அது சீக்கிரம் கரைந்துபோனாலோ பெயர்ந்துபோனாலோ, எச்சிலும் உணவும் காற்றும் நேராக எலும்பில் படும். வலி காதுக்கு ஏறுவது, கீழ்த்தாடைக்கும் காதோரத்துக்கும் உணர்வு கொடுப்பது ஒரே பெரிய நரம்பின் கிளைகள் என்பதால். பெரும்பாலும் பல் எடுத்த பின் நான்கு நாளைக்குள் வரும். முதலில் குறைந்த வலி திடீரென்று திரும்பி வந்தால் முதல் சந்தேகம் இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

இதற்கு டிரை சாக்கெட் என்று கிராஃபோர்ட் பெயர் வைத்தது 1896-இல். டென்மார்க்கின் பிர்ன் 1970-களில், இரத்தக்கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மின் என்ற நொதி குழிக்குள் அளவுக்கு மீறிக் கிளம்புவதுதான் காரணம் என்று விளக்கினார். சாதாரணமாகப் பல் எடுத்தால் நூற்றில் ஒன்று முதல் ஐந்து பேருக்கு வரலாம். எலும்பில் புதைந்த கீழ் ஞானப்பல்லில் அது பல மடங்கு கூடும். புகையிலை, வயது, எலும்பைக் குடைந்த அளவு எல்லாம் கூட்டும்.

ஆகவே மாமியாரின் உப்புத் தண்ணீரை மட்டும் கைகாட்டி ஒதுங்க என்னால் முடியாது. ஐம்பது நிமிடம் எலும்பைக் குடைந்தவள் நான். கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் முதல் நாளே கொப்பளித்தது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் துப்பிக்கொண்டே இருந்தது, குடம் தூக்கியது எல்லாம் அதன்மேல் ஏறியவை. இன்னொன்றும் இருந்தது. மாமியார் பக்கத்தில் இல்லாத ஒரு நாள் அவரே சொன்னார்: வியாழன் சாயந்திரம், வலி குறைந்த சந்தோஷத்தில், வலது கன்னத்தில் ஒரு சிட்டிகை புகையிலை. "இந்தப் பக்கம் தானே புண்ணு, அந்தப் பக்கம் வெச்சா இன்னான்னு" நினைத்தாராம். புகையிலைச் சாறு வாயெல்லாம் ஓடும், ரத்தத்திலும் கலந்து குழாய்களைச் சுருக்கும். அதற்குப் பக்கம் கிடையாது. ஆனாலும் அவருடைய கணக்கில் ஒரு நியாயம் இருந்ததை நான் பார்க்கிறேன். தாளில் "கூடாது" என்று மட்டும்தான் இருந்தது, ஏன் என்று இல்லை.

கிராம்புக்காரி

செய்தது எளிது. வெதுவெதுப்பான சலைனால் குழியை மெதுவாகக் கழுவினேன், சுரண்டவில்லை. யூஜினால் கலந்த மருந்துத் துணியைக் குழிக்குள் தளர்வாக வைத்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அவர் கண் மூடிச் சாய்ந்திருந்தார். மகள் பயந்து "ம்மா?" என்றாள். அவர் தூங்கிவிட்டிருந்தார். வெள்ளி ராத்திரிக்குப் பிறகு முதல் தூக்கம். நாற்காலியிலேயே இருபது நிமிடம் விட்டோம்.

கூட வந்திருந்த மாமியார் மூக்கைச் சுளித்து முகர்ந்தார். "இது கெராம்பு வாசன தானே?"

ஆமாம், யூஜினால் கிராம்பிலிருந்து வருவதுதான்.

"அத நான் மொத நாளே சொன்னேன். இவளுங்க கேக்கல."

அவர் சொன்னதில் பாதி சரி என்று அவரிடமே சொன்னேன். மருந்து அதுதான். ஆனால் கிராம்பு எண்ணெயை அப்படியே திறந்த புண்ணில் ஊற்றினால் ஈறையும் எலும்பின் மேலடுக்கையும் சுடும். இங்கே அது அளவாக, துணியில் ஊறி, கழுவிய குழியில் இருக்கிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை எடுத்து மாற்றவேண்டும், வீட்டில் வைத்தால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப உப்புத் தண்ணி?" என்றார். அப்போதுதான், ஐந்து நாள் தாமதமாக, நான் அவருக்கு விளக்கினேன். புதிதாகப் பூசிய சிமெண்டில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "கரஞ்சி ஓடிடும்." மறுநாள்? "மறுநாள் ஊத்தித் தான் ஆவணும், இல்லாட்டி வெடிச்சிரும்." அதேதான் ஆயா என்றேன். முதல் 24 மணி நேரம் தொடாதே, அப்புறம் தினம் நாலைந்து தடவை, சாப்பிட்டதும், ஒரு டம்ளருக்கு அரை ஸ்பூன் உப்பு. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கொப்பளிக்கும் நேரம் தவறவே இல்லை என்று மகள் சொன்னாள்.

கூடுதலாக ஆன்டிபயாட்டிக் கொடுக்கவில்லை. சீழோ காய்ச்சலோ இல்லாத டிரை சாக்கெட்டுக்கு அது தேவையில்லை. கடை மாத்திரையை நிறுத்தி, பாராசிட்டமால் 650 ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, இபுப்ரோஃபென் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் என்று வைத்தேன். செவ்வாய் தையல் பிரித்து மருந்துத் துணியை மாற்றினோம். வியாழன் இன்னொரு முறை. சனிக்கிழமை வந்தபோது துணி வேண்டியிருக்கவில்லை. குழியின் அடியில் சிவப்பாகத் தசை பொடிந்திருந்தது.

பத்தியம்

வீட்டில் இன்னொரு போராட்டம் நடந்துகொண்டிருந்தது. புண் இருக்கும்போது மீன், முட்டை, கருவாடு, கத்திரிக்காய் எதுவும் ஆகாது, சீழ் பிடிக்கும் என்று முதல் வாரம் வெறும் அரிசிக் கஞ்சிதான். சர்க்கரைக்காரருக்கு அரிசிக் கஞ்சி மட்டுமே என்றால் சர்க்கரை ஏறும் இறங்கும். சதை வளரப் புரதமும் கிடைக்காது. ஒரு மீன்காரி வீட்டில் மீன் சாப்பிடாமல் புண் ஆறக் காத்திருப்பது எனக்குத் தாங்கவில்லை.

சண்டை போட விரும்பவில்லை. கத்திரிக்காய், கருவாட்டை விட்டுவிடுவோம், நானும் உங்கள் பக்கம் என்றேன். அந்தக் காய் இல்லாமல் யாருக்கும் ஒன்றும் குறையாது, கருவாட்டில் முள்ளும் உப்பும். பதிலுக்கு முட்டையும் சுறாப் புட்டும் வேண்டும் என்று கேட்டேன். சுறாவில் சதைக்குள் பொடி முள் கிடையாது, வேகவைத்து உதிர்த்தால் மெல்லவே வேண்டாம். காரம் குறைத்து, பூண்டு வதக்கி, ஆறவைத்து. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பதுதானே என்று மாமியாருக்கே நினைவு வந்தது. "பச்ச ஒடம்புக்கே குடுக்கறோம், பல்லுக்கு ஆவாதா" என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாசிப்பருப்புக் குழைசாதம், மோர் கரைத்த கேழ்வரகுக் கூழ், அரை வேக்காட்டு முட்டை, சுறாப் புட்டு. இரண்டாவது வாரத்தில் அவர் முகத்தில் தெளிவு வந்தது இதனால்தான் என்று நான் நம்புகிறேன்.

பிறகு

தாளை மாற்றினோம். இப்போது அதில் ஆறு வரிதான், ஒவ்வொன்றும் என்ன செய்யலாம் என்று தொடங்குகிறது. முதல் வரி: இன்று எச்சிலை விழுங்குங்கள், குழியில் உறைந்திருக்கும் ரத்தம்தான் உங்கள் மருந்து. தாளைவிட முக்கியமானது, பல்லை எடுக்கும் முன்பே, மரப்பு ஊசி போடுவதற்கும் முன்னால், "வீட்டில் உங்களுக்குச் சமைத்துக் கொடுக்கப் போவது யார்?" என்று கேட்கிறோம். அவர் வந்திருந்தால் உள்ளே அழைக்கிறோம், இல்லாவிட்டால் போனை ஸ்பீக்கரில் போட்டு அவரிடம் பேசுகிறோம். மூன்று நிமிடம் ஆகும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அட்டையைக் கையில் வாங்கி, எந்த மாத்திரை, சாப்பிட முடியாவிட்டால் என்ன என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டு எழுதித் தருகிறோம். முதல் நாள் ராத்திரியும் நாலாம் நாள் காலையும் நாங்களே அழைக்கிறோம். தொந்தரவு கொடுக்கக் கூடாதே என்று தயங்குகிறவர்கள்தான் எங்கள் பக்கம் அதிகம்.

21-ஆம் நாள் வாய் மூன்று விரல் திறந்தது. உதட்டில், நாக்கில் மரப்பு இல்லை. குழியின் மேல் ஈறு மூடத் தொடங்கியிருந்தது. அடியில் எலும்பு நிறையப் பல மாதம் ஆகும், அது தெரியாமல் நடக்கும் வேலை. முன்னால் இருந்த கடைவாய்ப் பல்லின் சொத்தையை அடைத்தேன். மறுநாளே கூடையைத் தலையில் ஏற்றிவிட்டார். தடைக்காலம் முடிந்து ஜூன் 15-க்குப் பிறகு முழுச் சுமை.

புகையிலை முழுதாக விடவில்லை. அந்த வியாழக்கிழமைச் சிட்டிகையைத் தவிர மூன்று வாரம் விட்டிருந்தார், பிறகு விடியற்காலை ஏலத்தில் தூக்கம் கலைய ஒரு சிட்டிகை என்று திரும்ப ஆரம்பித்திருக்கிறார். அதை மறைக்காமல் சொன்னார். வலது கன்னத்தின் உட்புறம் தோல் கொஞ்சம் தடித்திருக்கிறது, வெள்ளைத் திட்டாக மாறவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். சென்ற முறை, சுருக்குப் பையை அவிழ்த்து மேசைமேல் கொட்டினார். சில்லறை, ஒரு கொட்டைப் பாக்கு, பாதி காலியான புகையிலைப் பொட்டலம். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார், ஐந்தில் நின்றது. முன்பு பன்னிரண்டு. அடுத்த முறை வரும்போதும் பையைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.